தாமதத்துக்கான காரணம்

மீட்டரக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் கால்வாய் வரிசைக் குழந்தைகள். மாதம் ஒருமுறை தோளில் லேப்டாப் பையும் கையில் குடையுமாக வந்து, சுவரில் மாட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவள் மின்சார மீட்டர் பார்க்க வந்தவளாகத்தானே இருக்க முடியும்? இது மீட்டர் இல்லை, வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று கால் மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும் பெட்டி என்று முதல் வருஷம் முழுக்க அவளும் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டது? போகப் போக ஆராய்ச்சி நிலையத்திலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் மட்டும் அவள் திட்ட ஒருங்கிணைப்பாளர்.

வெயில் எல்லோருக்கும் பொது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். பொது இல்லை என்று கணக்கோடு காட்டுவதுதான் அந்த நிலையத்தின் வேலை. ஒரே நகரம், ஒரே நாள், மதியம் மூன்று மணி. மரங்கள் கவிந்த மேட்டுத் தெருவில் வீட்டுக்குள் முப்பத்தொரு டிகிரி. தகரக் கூரை போட்ட கால்வாய் வரிசையில் முப்பத்தொன்பது. பருவம் மாறி வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறும்போது மேட்டுத் தெருவுக்குக் கொஞ்சமாகவும் கால்வாய் வரிசைக்கு நிறையவும் ஏறுகிறது. இதை அளந்து, எழுதி, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும்.

அறுபத்து நான்கு வீடுகள், அறுபத்து நான்கு பெட்டிகள், நான்கு வருஷம். கட்டுரையில் பேராசிரியர்கள் மூன்று பேரின் பெயர் வரும். பெட்டியை அடுப்புக்கு எதிரே வராமல், ஜன்னல் வெயில் படாமல், ஆள் உயரம் பார்த்து மாட்டியவள் மீட்டரக்கா. வீடு வீடாகச் சம்மதக் கையெழுத்து வாங்கியவள் அவள். எந்தப் பெட்டிக்கு எப்போது பேட்டரி தீரும், யார் வீடு மாறிப் போனார்கள், மூன்று பேராசிரியர்களும் ஒன்றாக ஊரில் இருக்கும் அபூர்வமான நாள் எது, எல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தன. வேவு பார்க்கிற கருவியா என்று சண்டைக்கு வந்த மாமனார்களையும் அவள்தான் உட்காரவைத்துப் பேசிச் சரிக்கட்டினாள்.

இத்தனையிலும் அவள் உயிரை வைத்திருந்தது ஒரு நீள நோட்டில். அதற்குப் பிழைப் பதிவேடு என்று பெயர். பெட்டி கீழே விழுந்தால், பேட்டரி ஓய்ந்தால், யாராவது அதன் ஆணியில் ஈரத் துண்டைக் காயப்போட்டால், அன்றைக்கே அதில் ஏறிவிட வேண்டும். அப்போதுதான் அந்த நாட்களின் எண்களைக் கணக்கிலிருந்து நீக்க முடியும். வீட்டு எண், பிழை, கண்டுபிடித்த தேதி, பதிந்த தேதி, கையெழுத்து என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘தாமதத்துக்கான காரணம்’. நான்கு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்து விழுந்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் வெற்றுக் கட்டங்களைப் புரட்டிக் காட்டிப் பெருமைப்படுகிற ஆள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வருஷக் கடைசியில் அவள் தொகுக்கும் அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை முழுசாகப் படித்தவர்கள் நான்கு பேர், அவளையும் சேர்த்து.

ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்தாள் புதிய தகவல் தொடர்பு அலுவலர். இருபத்தேழு வயது. வெள்ளிக்கிழமை வேலையில் சேர்ந்தவள், திங்கட்கிழமை காலை அந்த அறிக்கையில் அறுபது இடத்தில் ஒட்டுக்காகிதம் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். மீட்டரக்காவுக்கு முதலில் உச்சி குளிர்ந்துதான் போயிற்று. அந்தக் குளிர்ச்சி அன்று பதினொரு மணித் திட்டக் கூட்டம்வரைகூட நிற்கவில்லை.

“அக்கா, இவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க. இத அந்த அறுபத்து நாலு வீட்டுல யாராவது பாத்திருக்காங்களா?”

இயக்குநர் தலையை நிமிர்த்தினார். திட்டக் கூட்டத்தில் அந்த அம்மாளின் தலை செல்பேசியை விட்டு நிமிர்ந்து மீட்டரக்கா பார்த்ததே இல்லை. அன்று நிமிர்ந்தது, அதுவும் நேற்று வந்த ஒருத்திக்காக. சுருக்கென்று ஏதோ தைத்தது. அது என்ன என்று மீட்டரக்கா அப்போது பெயர் வைக்கவில்லை.

அந்தப் பெண் செய்தது ரொம்பச் சின்ன வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. ஒரு பக்கம் பெரிய எழுத்தில் ‘உங்கள் வீடு, மதியம் மூன்று மணி: 39’. மறுபக்கம் ‘மேட்டுத் தெரு, அதே நேரம்: 31’. அவ்வளவுதான். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை இரண்டு எண்ணாகச் சுண்டக் காய்ச்சிவிட்டாள். அவரவர் அட்டை அவரவருக்கு மட்டும், வேறு யாருக்கும் காட்டமாட்டோம் என்று உறுதியும் கொடுத்தாள். கொடுத்த பத்தாவது நிமிஷம் கால்வாய் வரிசையே வாசலுக்கு வந்து அட்டையை ஒப்பிட ஆரம்பித்தது. முப்பத்தாறு வந்தவர்கள் முப்பத்தெட்டு வந்தவர்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எல்லோரும் வேகிற இடத்தில் இரண்டு டிகிரி குறைவாக வேகிறவர்களுக்கு வந்த கௌரவத்தைப் பார்க்கவேண்டுமே!

வானொலியில் அட்டையைப் பற்றிச் சொன்னார்கள். பத்திரிகையில் படம் வந்தது. நான்கு வருஷமாக எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாத நகரசபை, தானாகவே கூப்பிட்டுப் பேசியது. கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சும், வாசலில் நிழல் பந்தலும் போட்டுத் தருகிறோம், பன்னிரண்டு வரிசைகளில் எந்த ஆறு மோசம் என்று இந்தக் கோடையின் பெட்டிக் கணக்கை வைத்துச் சொல்லுங்கள், அடுத்த கோடைக்குள் முடித்துவிடலாம் என்றது. அன்று இயக்குநர் நிலையம் முழுக்கக் கேட்கும்படி ஒன்று சொன்னார்.

“நாலு வருஷமா நம்மால முடியாதத இந்தப் பொண்ணு நாலு வாரத்துல செஞ்சிட்டா.”

நம்மால் என்றால் யாரால்? மீட்டரக்காவுக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. நான்கு வருஷம் அவள் வெயிலில் அலைந்து பொறுக்கிவந்த எண் அல்லவா அந்த முப்பத்தொன்பது? அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்தவளுக்குக் கைதட்டல், பொறுக்கியவளுக்கு ஒரு ‘நம்மால்’. வானொலிப் பேட்டியில் அந்தப் பெண் மறக்காமல் “எங்க டீம்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்கதான் எல்லாம்” என்று சொல்லத்தான் செய்தாள். அது இன்னும் மோசம். ஒரு அக்காவாம். போகிறபோக்கில் தூவிவிட்டுப் போகிற நன்றி.

அவள் கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதி. நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள். காலையில் தனக்குத் தேநீர் எடுக்கும்போது அக்காவுக்கும் ஒன்று எடுத்து வந்து வைப்பாள். சந்தேகம் என்றால் முதலில் மீட்டரக்காவிடம்தான் வருவாள். கால்வாய் வரிசையில் அவளுக்கு ‘அட்டைப் பொண்ணு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ரத்தம் உறிஞ்சுகிறதற்கும் அதுதானே பெயர் என்று மீட்டரக்கா தனக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டாள். நாற்பத்தேழு வயதில் இப்படிச் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அட்டைப் பெண்ணின் அன்றைய சாதனை மீட்டரக்காவின் வாயிலிருந்து வந்துவிடும். முதல் ஒரு வாரம் உம் கொட்டியவர், பிறகு ஒருநாள் நிதானமாகச் சொன்னார். “நாம ரெண்டு பேருன்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பல்லாம் மூணு பேரு சாப்பிடறோம்.” அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த மாதக் கடைசியில் கால்வாய் வரிசைக்குப் போனபோது முதல் வாசலிலேயே கேட்டார்கள், அட்டைப் பொண்ணு வரலையா என்று. இரண்டாவது வாசலிலும் அதே கேள்வி. நாற்பத்தொன்றாம் எண் வீட்டில்தான் கேட்கவில்லை. அது தையல்காரம்மாவின் வீடு, ஒரே அறை. சுவரோரம் தையல் மிஷின், அதற்கு மேலே பெட்டி. மீட்டரக்காவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள்தான், ஆனாலும் மரியாதைக்கு இவளை அக்கா என்பாள். நான்கு வருஷமாக மாதம் தவறாமல் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். லேப்டாப் பையின் காது கிழிந்தபோது கேட்காமலே வாங்கி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தவள். அறுபத்து நான்கு வீட்டில் மீட்டரக்கா தண்ணீர் வாங்கிக் குடிக்கிற வீடு அது ஒன்றுதான்.

அந்த வீட்டுச் சுவரிலும், மிஷினுக்கு நேர் மேலே, பெட்டிக்குப் பக்கத்தில், அட்டை குண்டூசி குத்தி நின்றது. நான்கு வருஷமாக வருகிறேன், என் ஞாபகமாக இந்தச் சுவரில் ஒரு துரும்பு உண்டா என்று மீட்டரக்கா சுவரைச் சுற்றிப் பார்த்தாள். லேப்டாப்பைத் திறந்து, பெட்டி குறித்த சூட்டைத் திரையில் கோடாக வரவழைத்தாள்.

கோடு விழுந்திருந்தது. மதியம் ஏற வேண்டிய நேரத்தில் பதினொரு மணிக்குத் தடாலென்று ஐந்து டிகிரி இறங்கி, மெல்ல மெல்ல ஏறி, இரண்டு மணிக்கு மறுபடி இறங்கியிருந்தது. தினமும் இப்படித்தான். இந்த வடிவத்தை அவள் முதல் வருஷமே பார்த்திருக்கிறாள். பெட்டியின் மேல் ஈரத்துணி போட்டால் இப்படித்தான் வரும். துணி காயக் காயக் கோடு ஏறும், நனைத்தால் இறங்கும். எந்தத் தேதியிலிருந்து என்று பார்த்தாள். அட்டை கொடுத்த நாளுக்கு மறுநாளிலிருந்து.

மீட்டரக்கா சிரித்தாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அட்டையைப் பார்த்து வெட்கப்பட்டோ, பக்கத்து வீட்டு முப்பத்தாறைப் பார்த்துப் பொறாமைப்பட்டோ இந்த ஜனங்கள் பெட்டியை ஏமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அட்டைப் பெண்ணின் கெட்டிக்காரத்தனமே ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டது. நான்கு வாரச் சாதனையின் லட்சணம் இதோ கோடு கோடாகக் கிடக்கிறது. அவள் சிரித்ததைப் பார்த்துத் தையல்காரம்மாவும் மிஷினிலிருந்து நிமிர்ந்து வாய்நிறையச் சிரித்தாள். எதற்கு என்று மீட்டரக்கா கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று அந்த வரிசையின் இருபத்திரண்டு வீட்டையும் பார்த்து முடித்தபோது ஒன்பது வீட்டில் அதே வடிவம் இருந்தது. அன்று சாயங்காலமே அது பிழைப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். மீட்டரக்கா நோட்டைத் திறந்தாள், பேனா மூடியைக் கழற்றினாள், பிறகு மூடிவிட்டாள். இப்போது எழுதினால் என்ன நடக்கும்? அட்டைப் பெண் வந்து ஐயோ அக்கா என்பாள், இரண்டே நாளில் சரிசெய்துவிட்டு அதற்கும் பாராட்டு வாங்குவாள். நகரசபைக் கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. அங்கே அவள் எழுந்து நின்று பேசி முடிக்கட்டும். அப்புறம், எல்லோரும் பார்க்க, இந்தக் கோட்டை நாம் காட்டுவோம். யாராவது முன்னாலேயே கேட்டால் சொல்லாமலா இருக்கப் போகிறோம் என்றும் மனசுக்குள் ஒரு சமாதானம் வைத்துக்கொண்டாள்.

கேட்டார்கள். மூன்றாவது வாரம் அட்டைப் பெண்ணே பட்டியலோடு வந்து நின்றாள். கூட்டத்துக்குப் போகிற பட்டியல், பன்னிரண்டு வரிசையும் சூட்டின் கணக்குப்படி. போன கோடையில் இரண்டாவதாக இருந்த கால்வாய் வரிசை இப்போது ஒன்பதாவது. முதல் ஆறுக்குத்தான் கூரைப் பூச்சு.

“அக்கா, எனக்கு எண்ணெல்லாம் அவ்வளவா தெரியாது. கால்வாய் வரிசை இப்படி எறங்கியிருக்கே, இது சரிதானா?”

மீட்டரக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “பெட்டி சொன்னது அதுதான்.”

“நீங்க சொன்னா சரிக்கா.”

போய்விட்டாள். பெட்டி சொன்னது அதுதான், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று மீட்டரக்கா அன்று முழுக்கத் தனக்கே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது இடம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அடுத்த கோடையும் அந்தத் தகரத்தின் கீழே தையல்காரம்மா மிஷின் மிதிப்பாள். தெரிந்தது. தெரிந்தும் அட்டைப் பெண்ணின் முகம் கூட்டத்தில் எப்படி வெளிறும் என்கிற நினைப்புதான் இனித்தது. பொறாமை என்பது ஆளை அப்படித்தான் வைத்திருக்கும். அரிக்கிற இடத்தைச் சொறிகிறபோது ரத்தம் வருவது தெரியாது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. கோடு மட்டும் போதாது, ஈரத்துணியைப் படம் எடுத்துவைத்துக்கொண்டால் வாயடைத்துப் போவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வழக்கமாகச் சாயங்காலம், துணியைக் கழற்றிய பிறகு போகிறவள் அன்று மதியம் இரண்டு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், கால்வாய் வரிசைக்குப் போனாள். நாற்பத்தொன்றாம் எண் கதவு திறந்தே கிடந்தது.

தையல்காரம்மா ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் வெட்டுத்துணியில் தைத்த ஒரு சின்ன உறை, பெட்டியின் அளவுக்குக் கச்சிதமாக. ஓரமெல்லாம் மடித்து, நாடா வைத்து, முதல்தரமாகத் தைத்திருந்தாள். அதை வாளியில் நனைத்துப் பிழிந்து, பெட்டிக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி மாட்டினாள். வாளியில் கால்வாசித் தண்ணீர். தெருக்குழாயில் காலையில் ஒருமணி நேரம் வருவதுதான் அந்த வரிசைக்குத் தண்ணீர். தையல்காரம்மாவின் கழுத்திலிருந்து வேர்வை வடிந்து முதுகுத்துணி ஒட்டிக்கிடந்தது. பெட்டி ஈரமாகக் குளுகுளுவென்று இருந்தது.

செல்பேசியை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. அவளைப் பார்த்ததும் தையல்காரம்மா திருட்டு முழி முழிக்கவில்லை. இறங்கி வந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று மீட்டரக்கா கேட்டாள்.

“உங்களுக்காகத்தான்.”

மீட்டரக்காவுக்கு விளங்கவில்லை. தையல்காரம்மா கூச்சத்தோடு, மிஷினைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“ஒவ்வொரு மாசமும் அந்தக் கம்ப்யூட்டரத் தொறந்ததும் உங்க மொகம் சுருங்கிடும். ‘ச்சு’ன்னு ஒரு சத்தம் போடுவீங்க. நாங்க என்ன தப்பு பண்றோம்னு தெரியல. கேக்கவும் கூச்சம். அந்தப் பொண்ணு அட்ட குடுத்தப்புறம்தான் புரிஞ்சுது, அங்க முப்பத்தொண்ணு, நம்ம வீடு முப்பத்தொம்பது. நம்ம வரிசையாலதான் உங்களுக்கு ஆபீஸ்ல கெட்ட பேருன்னு நெனச்சேன். எங்கிட்ட இருந்த துணியில இத மாதிரி ஒம்பது தச்சேன். மீதி எட்டு வீட்டுக்கும் நான்தான் குடுத்தேன், நம்ம அக்காவுக்காகப் போடுங்கன்னு.”

முகமெல்லாம் சிரிப்பாக இன்னொன்றும் சொன்னாள். “போன மாசம் சிரிச்சீங்களே. நாலு வருஷத்துல மொதத் தடவ.”

மீட்டரக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அறையில் மதியம் இரண்டு மணிக்கு அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான்கு வருஷம் கால் மணிக்கு ஒருமுறை அளந்த சூடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவள் உடம்புக்குத் தெரிந்தது. அட்டையைக் கொண்டாடுகிறார்கள், என்னை யார் கண்டுகொண்டார்கள் என்று வெந்தாளே, இங்கே ஒருத்தி மாதா மாதம் அவள் முகத்தையே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த முகம் சுளிக்காமல் இருக்கட்டும் என்று, தன் கழுத்தை நனைக்க வேண்டிய தண்ணீரில் பெட்டியை நனைத்திருக்கிறாள். உறையைக் கழற்றச் சொல்ல வேண்டும், கூரைப் பூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நிலையத்துக்கு நடந்தாள்.

பிழைப் பதிவேட்டைத் திறந்து ஒன்பது வீட்டின் எண்களையும் வரிசையாக எழுதினாள். பிழை: ஈரத்துணி. கண்டுபிடித்த தேதிக்கு உண்மையான தேதியையே போட்டாள். பதிந்த தேதி, இன்று. நடுவில் இருபத்தெட்டு நாள். கையெழுத்துப் போட்டாள். கடைசிக் கட்டம் பாக்கி. அதில் ஒரே ஒரு சொல் எழுதி, நோட்டை எடுத்துப்போய் அட்டைப் பெண்ணின் மேஜையில் வைத்தாள்.

அவள் படித்தாள். கடைசிக் கட்டத்தில் வெகுநேரம் கண் நின்றது. அது யார் மேல் என்று கேட்கவில்லை. அந்த அளவுக்குப் புத்திசாலி.

“இத வேற மாதிரி எழுதிக்கலாமேக்கா. ‘வேலைப்பளு’ன்னு போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“பதிவேட்டுல பொய் எழுதறதில்ல” என்றாள் மீட்டரக்கா. வாயால் பொய் சொன்னவள்தான். நோட்டில் பொய் எழுத வரவில்லை.

இயக்குநர் கத்தவில்லை. நகரசபை கணக்கு வாங்கும் கடைசித் தேதி போனவாரமே முடிந்துவிட்டது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். முன்பே பதிந்திருந்தால் அந்த ஒன்பது வீட்டின் எண்களை நீக்கிவிட்டுப் பட்டியல் சரியாகப் போயிருக்கும். இப்போது கூட்டத்தில் எழுந்து மன்றாடுவதைத் தவிர வேறு வழி இல்லை. மன்றாடத் தெரிந்தவள் நிலையத்தில் ஒருத்திதான்.

நகரசபை மண்டபத்தில் அட்டைப் பெண் பேசினாள். நிலையத்தின் கணக்கில் ஒரு மாதமாகத் தெரிந்த தவறு இருக்கிறது என்று ஆரம்பித்து, தெருக்குழாய், கால்வாசி வாளி, பெட்டிக்குத் தைத்த சட்டை என்று போனாள். மீட்டரக்கா முதல்நாள் அவளிடம் திக்கித் திக்கிச் சொன்னதுதான் அத்தனையும். கண்ணால் பார்த்தவள் சொன்னபோது வெறும் தகவலாக இருந்தது, காதால் கேட்டவள் சொல்லும்போது மண்டபத்தில் இருமல்கூட இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மீட்டரக்காவுக்கு, சத்தியமாக, அப்போதும் வயிறு எரிந்தது. என் பாவத்தைக்கூட இவள்தான் அழகாகச் சொல்ல வேண்டுமா?

உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, துணி போட்டது தெரிந்தும் நிலையம் ஏன் ஒரு மாதம் சும்மா இருந்தது, இதுவே ஒரு ஏற்பாடா என்று கேட்டார். அட்டைப் பெண் முதல் தடவையாகப் பேச்சு நின்று இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் கோப்பைப் பார்த்தார். மீட்டரக்கா எழுந்து, பதிவேட்டைப் பிரித்து, கட்டம் கட்டமாகப் படித்தாள். அவள் குரல் அந்த மண்டபத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை.

“தாமதத்துக்கான காரணம், பொறாமை.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து, வேறு யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக்காரர் நோட்டை வாங்கி, முன்பக்கங்களைப் புரட்டினார். நான்கு வருஷத்து வெற்றுக் கட்டங்களையும் பார்த்தார். பிறகு பத்து நாள் கொடுத்தார்கள். துணி இல்லாமல் மறுபடி அளந்து வாருங்கள், பட்டியலை அதுவரை முடிவு செய்யமாட்டோம் என்றார்கள்.

மறுநாள் அவள் ஒன்பது வீட்டுக்கும் போனாள். நாற்பத்தொன்றாம் எண்ணுக்குக் கடைசியாகப் போனாள். உறையைக் கழற்றச் சொன்னாள். சூடு அதிகம் வந்தால் அவமானம் இல்லை, அதைக் காட்டித்தான் கூரைக்குப் பூச்சு வாங்க முடியும், முகம் சுருங்கியது உங்கள் மேல் கோபத்தால் இல்லை, நீங்கள் இந்தச் சூட்டில் இருக்கிறீர்களே என்றுதான், இதை நான் நான்கு வருஷம் முன்னாலேயே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னாள். தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியின் எண் குறைந்ததால் வரிசை ஒன்பதாவது இடத்துக்குப் போனதையும், அது தனக்கு ஒரு மாதமாகத் தெரியும் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பதிவேட்டில் எழுதிய பிறகு இவளிடம் மறைக்க அவளால் ஆகவில்லை.

தையல்காரம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப அன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்க?”

மண்டபத்தில் படித்தது எவ்வளவோ சுலபமாக இருந்தது.

“அந்தப் பொண்ணு விழப்போறான்னு.”

“அவ விழுந்திருந்தா எங்க தலமேலதானே விழுந்திருப்பா.” கோபமாகச் சொல்லவில்லை. துணியில் எங்கே மடிப்பு வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு ஸ்டூலில் ஏறி உறையைக் கழற்றி, பிரித்து வேறு எதற்காவது ஆகும் என்று வெட்டுத்துணிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து மீட்டரக்கா வந்தபோது நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது. தண்ணீரும் வந்தது. பெட்டியின் கோடு எங்கும் இறங்காமல் நேராக முப்பத்தொன்பதரைக்கு ஏறியிருந்தது. ஒன்பது வீட்டிலும் அப்படித்தான். வரிசை மறுபடி இரண்டாவது இடம், பூச்சு நிச்சயம். அந்த எண்ணைப் பார்த்து முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மீட்டரக்காவுக்குத் தெரியவில்லை. சுருங்கவும் பயமாக இருந்தது, சிரிக்கவும் பயமாக இருந்தது. இந்தத் தடவை கூரை நிச்சயம் என்று சொல்லிக்கொண்டே, ஒருவழியாகச் சரியான முகத்தோடு லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். தையல்காரம்மா நல்லதுக்கா என்றாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், இவள் முகத்தைப் பார்க்கவில்லை.